ஐந்தாவது கையெழுத்து

மௌனம் என்கிற சொல்லைத் தன் விரல்கள் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கும் என்று தங்கபுஷ்பம் யோசித்துக்கொண்டிருந்தாள். மதுரைப் பேருந்து திருத்தங்கலில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மடியில் லேப்டாப் பை, பைக்கு மேல் கைகள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்த கைகள். மௌன அஞ்சலி, மௌன ஊர்வலம், போனவர் யாராயிருந்தாலும் போஸ்டரில் அந்தச் சொல் வந்துவிடும், அத்தனை தடவையும் ஒரே மாதிரி அடித்தது, அத்தனை தடவையும் தப்பாக அடித்தது. தப்பென்று சொல்லலாமா, தாளில் சரியாகத்தானே வந்தது, ஒருவர்கூடக் குறை சொன்னதில்லையே, குறை சொல்ல அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி என்ன இருந்தது. காலையில் ஆறரை மணிக்குத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தபோது கோவில்பட்டியிலிருந்து கோமதிநாயகம் போன் செய்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவள் பங்கெடுத்துச் செய்கிற போன் மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் இருக்கிற பதினோரு பேரில் மூத்தவர், எதைச் சோதித்தாலும் தேதி, நேரம், நடந்தது என்று மூன்று பத்தியில் எழுதி அனுப்புகிறவர்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. பன்னெண்டு சொல்லையும் தாள்ல எழுதி வச்சேன். நீங்க சொன்ன மாதிரியே நேத்து போன்ல இருந்து வாலட்ட அழிச்சேன். இன்னிக்குக் காலையில தாளப் பாத்துத் திரும்ப அடிக்கிறேன், எட்டாவது சொல்லு பட்டியல்லயே இல்லங்குது."

"என்ன சொல்லு சார்?"

"மௌனம். எனக்கு முன்ன மாதிரி கண்ணு இல்லம்மா. நாந்தான் ஏதோ தப்பா எழுதியிருப்பேன். அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கட்டுமா?"

கிழிக்காதீங்க சார் என்று அவள் கத்தியே விட்டாள், தோசைக்கல் புகைந்தது, அடித்ததை அப்படியே எனக்கு அனுப்புங்க என்றாள், அவரும் அனுப்பினார். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டுகிற சின்ன நிரல் ஒன்று அவளிடம் உண்டு, பழைய அச்சக எழுத்துருக்களைப் புதிய முறைக்கு மாற்றுவதற்காகத் தானே எழுதிக்கொண்டது, அதில் ஒட்டியதும் தெரிந்துவிட்டது. ஔகாரக் குறிக்கு ஒரு வால் இருக்கிறது, பார்ப்பதற்கு ள மாதிரியே இருக்கும், ஆனால் ள இல்லை. கோமதிநாயகம் கொம்பு போட்டு ள போட்டிருந்தார். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை பட்டியலில் இருந்தது, பட்டியல் அவள் செய்தது, இரண்டு வருஷம் உட்கார்ந்து அவள் ஒருத்தி செய்தது. இதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்கூட, பார்த்துச் சொல்றேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, புடவையைக் கட்டிக்கொண்டு, எட்டு மணி வண்டியைப் பிடித்துவிட்டாள்.

இன்றைக்குப் பார்த்துத்தானா இது நடக்க வேண்டும் என்று நினைத்தாள், உடனே, நல்லவேளை இன்றைக்கே நடந்தது என்றும் நினைத்தாள், இரண்டு நினைப்பும் பேருந்தின் குலுக்கலில் மாறி மாறி மேலே வந்தன. ஆல்கோவ் என்பது அந்த வாலட்டின் பெயர், சுவரில் இருக்கும் மாடம் என்று பொருள். பிட்காயின் வைத்திருப்பவர் அதைத் திறக்கிற சாவியைத் தன் போனிலேயே வைத்துக்கொள்வதற்கான மென்பொருள், கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து எழுதுகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். சாவி என்பது கடைசியில் பன்னிரண்டு சொற்கள். போன் உடைந்தால், தொலைந்தால், வேறு போனில் அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக அடித்தால் எல்லாம் திரும்பி வரும். அடிக்க முடியாவிட்டால் வராது. போய் நின்று அழுவதற்கு ஒரு மேனேஜர் கிடையாது, மனுக் கொடுக்க ஓர் ஆபீஸ் கிடையாது. அந்தச் சொற்கள் வேற்று மொழிகளில்தான் இருந்தன. இங்கிலீஷ் தெரியாதவன் இங்கிலீஷ் சொல்லைப் படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்து எழுதி வைக்கிறான் என்று ஒருநாள் அவள்தான் அந்தக் குழுவில் எழுதினாள். ரூக் என்கிற பெயரில் குழுவை நடத்துகிறவர், ஆணா பெண்ணா எந்த ஊர் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, ஒரே வரியில் பதில் போட்டார், நீங்களே ஒரு தமிழ்ப் பட்டியல் செய்யுங்களேன். செய்தாள். இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு சொற்கள். சின்னச் சொல்லாக இருக்க வேண்டும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக்கூடாது, அரம் இருந்தால் அறம் கூடாது, கெட்ட சொல் கூடாது, சாமி பெயர் கூடாது, சாதியை நினைவூட்டுகிற ஒன்றும் கூடாது. ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆடு கருவேல மரத்தடியில் முன்னங்காலைத் தூக்கி நின்றது. ஆடு, பட்டியலில் இருக்கிறது. பாலம், இருக்கிறது. செங்கல், சுண்ணாம்பு, லாரி, குடை, எல்லாம் இருக்கிறது. ஆமத்தூர் தாண்டுகிறவரைக்கும் கண்ணில் படுகிற ஒவ்வொன்றும் அவளுடைய பட்டியலுக்குள் இருந்தது. இந்த ரோட்டையே ஒருத்தர் மனப்பாடமாகச் சொல்லித் தன் பெட்டியைத் திறந்துகொள்ளலாம், அப்படிச் செய்து வைத்திருக்கிறேன் நான், என்று நெஞ்சுக்குள் ஒன்று நிமிர்ந்தது, நிமிர்ந்த வேகத்திலேயே மௌனம் வந்து இடித்தது. மௌனம், கௌளி, பௌர்ணமி, சௌக்கியம். நான்கு சொற்கள். வெறும் நான்கு.

வெறும் நான்குதானே. மதுரையில் பதினொரு மணிக்குக் கூட்டம். வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சின்ன அரங்கம் பிடித்திருக்கிறான் இர்ஃபான், மதுரையில் மாதாமாதம் பிட்காயின் கூட்டம் நடத்துகிற பையன், கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன், இருந்தாலும் அவளுக்குப் பையன்தான். மேடையில் வைத்து அவள் கையெழுத்திட வேண்டும் என்பது அவன் யோசனை. ஆல்கோவ் புதிதாக வெளிவர ஐந்து பேர் கையெழுத்து வேண்டும். ஐந்து பேரும் அவரவர் கம்ப்யூட்டரில் நிரலிலிருந்து மென்பொருளைத் தனித்தனியாக உருவாக்கி, வந்தது எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, அவரவர் ரகசியச் சாவியால் ஒப்பமிட வேண்டும். போன தை மாதம் ரூக் எழுதினார், ஐந்தாவது சாவி உங்களிடம் இருக்கட்டும். அன்றைக்கு அவள் கடைத்தெருவில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள், காய்க்காரி ரெண்டு தடவை கேட்ட பிறகுதான் எத்தனை கிலோ என்று சொன்னாள். நான்கு பேர் நேற்றே போட்டுவிட்டார்கள். பட்டியலைச் செய்தவளே ஐந்தாவதாகப் போடட்டும் என்று காத்திருக்கிறார்கள். பேசாமல் போட்டுவிட்டு அடுத்த பதிப்பில் சரிசெய்தால் என்ன, ள வந்தால் அதை வாலாக எடுத்துக்கொள் என்று இரண்டு வரி நிரல், தூக்கத்தில்கூட எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரி ஆல்கோவில் மட்டும்தான் இருக்கும். தாள் அதைவிட அதிக நாள் இருக்கும். பத்து வருஷம் கழித்து ஆல்கோவ் இல்லாமல் போய், ஒருத்தர் பீரோவுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து, வேறு யாரோ செய்த மென்பொருளில் அடிப்பார், அது இல்லை என்று சொல்லும், அவர் கோமதிநாயகம் மாதிரி நல்ல மனிதராக இருந்துவிட்டால் தன் கண்ணைத்தான் குற்றம் சொல்லுவார், தாளைக் கிழிப்பார். பட்டியல் ஒருமுறை வெளியே போய்விட்டால் மாற்ற முடியாது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண், எண் மாறினால் பூட்டு மாறிவிடும். இன்றைக்குப் பதினொரு மணி வரைக்கும் அது அவள் கையில் இருக்கிறது, அதற்குப் பிறகு ஊர் ஊராய்ப் பீரோக்களில் இருக்கும்.

விருதுநகரில் பக்கத்து இருக்கைக்கு ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள், முறுக்குப் பொட்டலம் ஒன்று, கட்டைப் பை ஒன்று. தங்கபுஷ்பம் போனில் எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீச்சரா நீங்க?"

"இல்லங்க. சாஃப்ட்வேர் எழுதுறேன். பிட்காயின் வாலட்டுன்னு ஒண்ணு."

"பிட்காயினா, அது ஏமாத்து வேலையில்ல? எங்க கொழுந்தன் ஒருத்தன்கிட்ட பணத்தக் கொண்டுபோய்க் கொடுத்தான், ஆறு மாசத்துல ரெட்டிப்பாக்கித் தாரேன்னு சொன்னவன் ஆளையே காணோம்."

"ரெட்டிப்பாகும்னு சொன்னா ஏமாத்துத்தாங்க. நாங்க யாரையும் வாங்கச் சொல்றதில்ல. வச்சிருக்கவங்க அடுத்தவன்கிட்ட கொடுக்காம தன் கையிலயே வச்சுக்கிடுறதுக்குப் பூட்டு செஞ்சு கொடுக்கிறோம்."

"பூட்டு நல்ல பூட்டா?"

இதைத்தான் அந்த அம்மாள் கேட்டாள், சாதாரணமாக, முறுக்குப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள், தங்கபுஷ்பம் போனிலிருந்து விரலை எடுத்தாள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குங்க என்றாள். அந்த அம்மாள் ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள், வாங்கிக்கொண்டாள், கடிக்கவில்லை.

அச்சகத்தில் ஒரு வருஷம் தினசரி காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது, மெஷின் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஆடி அமாவாசை ஒருநாள் தள்ளி விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னாள். முதலாளி அண்ணாச்சி நல்ல மனிதர், யாரையும் ஏசமாட்டார், சிரித்தார். ஓடுறத நிறுத்தக்கூடாது புஷ்பம், எவன் பாக்கப்போறான் என்றார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள், மெஷின் சாயங்காலம் வரைக்கும் ஓடியது. அடுத்த ஆவணியில் பரமக்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது, உங்கள் காலண்டரைப் பார்த்து என் தகப்பனாருக்கு ஒருநாள் பிந்தித் தர்ப்பணம் செய்துவிட்டேன், என்று மட்டும் எழுதியிருந்தது, திட்டுகூட இல்லை. அண்ணாச்சி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கார்டை டிராயருக்குள் போட்டார். நான் சொன்னேனே என்று அவள் பல வருஷம் தனக்குள் சொல்லிக்கொண்டாள், சொன்னேன், சொன்னேன், சொன்னதோடு சரி, மெஷினுக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருந்தது, எட்டினால் தொடலாம், அதை அவள் தொடவில்லை. அது என் பொத்தான் இல்லை என்று இருந்துவிட்டாள். இன்றைக்கு யாருடைய பொத்தான். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிட்டது, பேருந்து விருதுநகரை விட்டு நாலுவழிச் சாலையில் ஏறிப் பாய்ந்தது, அவள் திரும்பவும் போனை எடுத்தாள், திரும்பவும் அந்த ஒரு வரியில் போய் மாட்டிக்கொண்டாள். மற்ற வரிகள் சுலபம். பட்டியலில் குறை இருக்கிறது, நான் ஒப்பமிட மாட்டேன், நான்கு சொற்களையும் எடுக்க வேண்டும், ஒரு மாதம் அவகாசம் வேண்டும், இதெல்லாம் அவளுடைய இங்கிலீஷிலேயே வந்துவிட்டது. வராதது தர்மு பற்றிய வரி.

தர்மு டொராண்டோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பையன், தர்மகுலசிங்கம் என்பது முழுப்பெயர், பட்டியலைச் சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தவர்களில் ஒருவன். ஒரு வருஷத்துக்கு முன்னால் கௌளிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டிருந்தான். அக்கா, ஔகாரம் வாற சொல்லுகளை விட்டுடலாமே, எனக்கு என்னவோ பயமா இருக்கு. பயமென்றால் என்ன பயம், காரணம் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. கொக்கு, கோழி என்பவற்றின் முதல் எழுத்தைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும் ஒன்றாக்கிவிடுகிற விதி உலகம் பூராவும் இருக்கிறது, ஔகாரத்துக்கும் இருக்கிறது, அதை அவள் சோதித்தும் பார்த்திருந்தாள். அந்த விதி உண்மையான வாலைத்தான் சேர்க்கும், ளவைச் சேர்க்காது, ள தனி எழுத்தாயிற்றே. அது அவளுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது இன்று காலையில்தான் விளங்கியது, பழைய அச்சக எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே விசை. வாலுக்கும் அதே விசை, ளவுக்கும் அதே விசை, வருஷக்கணக்காக அந்தச் சுண்டுவிரலுக்கு இரண்டும் ஒன்று. விரலுக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும். ஆனால் அன்றைக்குத் தர்முவுக்கு அவள் போட்ட பதில் என்ன. இருபத்தாறு வருஷம் தமிழ் அடித்த கை தம்பி இது, பயப்படாதீங்க. அந்தப் பதிலுக்குக் கட்டைவிரல் குறிகளாக வந்து குவிந்தன, ரூக்கும்கூட ஒன்று போட்டார், தர்மு சரி அக்கா என்று விலகிவிட்டான். கௌளியை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் உண்மை, பல்லி என்கிற சொல் பட்டியலில் இருக்க, கௌளியையும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டாள், தெரிந்தவள் என்கிற திமிர். எந்தக் கையைக் காட்டி அவன் வாயை அடைத்தாளோ அந்தக் கையே அறியாத தப்பு. இதை ஆல்கோவ் எழுதுகிறவர்களின் குழுவில் எல்லோர் முன்னாலும் எழுத வேண்டும், நாலு ஊர்க்காரன் படிப்பான், இந்த அம்மாளுக்கா சாவி கொடுத்தோம் என்பான், என்னென்னமோ நினைத்துப் பார்த்தாள், முகம் சுட்டது, ஜன்னல் காற்றிலும் சுட்டது. பிறகு கள்ளிக்குடிப் பலகை கண்ணில் பட்டபோது எந்தக் காரணமும் இல்லாமல் எழுதிவிட்டாள். தர்மு இதை ஒரு வருஷத்துக்கு முன்பே சொன்னார். நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது. எழுதியதும், என்ன ஆச்சரியம், அந்த மூன்று வரியும் அவளுக்கு அழகாகத் தெரிந்தன. ஒரு பிசிறு இல்லாமல், நல்ல அச்சில் வந்த மாதிரி. அனுப்பு என்பதைத் தொட்டாள். சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சுற்றட்டும் என்று விட முடியவில்லை. இன்னும் போகவில்லை, இன்னும் அழிக்கலாம், என்று ஒரு குரல், அழித்துவிட்டு மேடையில் ஏறி இர்ஃபான் போட்டோ எடுக்கக் கையெழுத்துப் போடலாம், வீட்டுக்காரர் வாட்ஸப்பில் வைப்பார். அவள் போனைக் கவிழ்த்து லேப்டாப் பை மேல் வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். முறுக்கைக் கடித்தாள், நல்ல முறுக்கு. திருமங்கலத்தில் உள்ளங்கைக்கு அடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது, போய்விட்டது என்று தெரிந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கப்பலூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையில் நின்றன, கண்டக்டர் இறங்கிப் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார், இர்ஃபான் இரண்டு தடவை அழைத்தான், எடுக்கவில்லை, அவனிடம் இதைப் போனில் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. அப்புறம்தான் ரூக்கின் பதில் வந்தது. வழக்கம்போல ஒரே வரி. வெளியீட்டை நிறுத்திவிட்டேன், ஐந்து சாவி வைத்தது இதற்காகத்தான். அவள் அதைப் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, விளக்க வேண்டியிருக்கவில்லை, சிவகாசிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருத்தி மாட்டேன் என்று சொன்னதும் உலகம் பூராவும் ஓடவிருந்த ஒன்று நின்றுவிட்டது. அடுத்து தர்மு. நான் அப்ப சும்மா ஒரு பயத்திலதான் சொன்னனான் அக்கா, காரணத்தைக் கண்டுபிடிச்சது நீங்கள்தான், புதுசா நாலு சொல்லு தேடுவம் வாங்கோ, இரண்டு பேரும் சேர்ந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பக்கத்து அம்மாள் பார்த்துவிட்டாள்.

"வீட்ல ஏதும் விசேஷமாம்மா? நல்ல சேதிதான?"

"நல்ல சேதிதாங்க."

கோமதிநாயகத்தை அழைத்தாள். உங்க கண்ணு நல்லா இருக்கு சார், என் பட்டியல்லதான் தப்பு இருந்தது, உங்களாலதான் தெரிஞ்சது என்றாள். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்படின்னா அறிக்கையில எப்படி எழுதட்டும்மா என்று கேட்டார். அப்படியே எழுதுங்க சார், தப்பு யாரோடதுன்னும் எழுதுங்க என்றாள், பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள், த-ங்-க-பு-ஷ்-ப-ம், அவருக்குத் தெரிந்த பெயர்தான், இருந்தாலும் சொன்னாள். மீதி வழி முழுக்க அவள் சொல் தேடினாள், பயம் போய்விட்டது, பயம் இருந்த இடத்தில் ஒரு பசி வந்து உட்கார்ந்திருந்தது. இருசக்கர வண்டிக்காரன் ஒருவன் தலையில் முண்டாசு கட்டியிருந்தான், முண்டாசு, பட்டியலில் இல்லை, எப்படி விட்டேன், எடுத்து வைத்துக்கொண்டாள். ரிங் ரோட்டில் பேருந்து திரும்பியபோது வெயில் மடிக்கு வந்து கைகள்மேல் விழுந்தது. அந்தக் கைகளை அவள் புரட்டிப் பார்த்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன கைகள். இந்தக் கைகளுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது என்று தோன்றியது, அது பாரமாக இல்லை.

மாட்டுத்தாவணியில் இர்ஃபான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அறிவிப்பு குரூப்ல ரூக் போட்டதப் பாத்தீங்களா? இன்னிக்கு வெளியீடு இல்லன்னு ஒரே வரி. காரணம்கூடப் போடல. அங்க முப்பத்தஞ்சு பேர் வந்து உக்காந்துட்டாங்க. பேனர்ல வெளியீட்டு விழான்னு போட்டுத் தொலைச்சிருக்கேன், கழட்டச் சொல்லிரவா?"

"இருக்கட்டும். இன்னிக்குப் பேசுறதுக்கு அதவிடப் பெரிய விஷயம் இருக்கு."

"யாரு அக்கா நிறுத்துனது? நாலு பேர்ல யாராச்சும் பின்வாங்கிட்டாங்களா?"

அவள் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ராஜபாளையம் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தது, கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள், அவனுக்கு விழவில்லை. என்னக்கா என்று காதைக் கொண்டுவந்தான். தங்கபுஷ்பம் பையைத் தோளில் நன்றாக ஏற்றிப் போட்டுக்கொண்டாள். நிழற்குடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, பேருந்துச் சத்தத்துக்கும் மேலே, இன்னொரு தடவை சொன்னாள்.

"நான்தான்."